மிளகாய்க்கு ரோஷம் வேண்டாமா?

இந்த முறை தபால் பை முழுக்க ஒரே மிளகாய். வெனிசுவேலாவின் ‘அஹி டுல்சே’. ‘இனிப்பு மிளகாய்’ என்பதே பெயரின் பொருள்.

வெங்காய வடைப் பிரியன், கும்பகோணம்: காரமே இல்லாத மிளகாயை எதற்கு வளர்க்க வேண்டும்?

வாசனைக்கு. கறிவேப்பிலையிடம் போய் ‘உனக்கு ஏன் காரமில்லை’ என்று யாராவது கேட்கிறோமா? அஹி டுல்சே, ஹபநேரோ மிளகாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் ‘காப்சிகம் சைனென்ஸ்’ என்ற ஒரே இனம். அண்ணனின் காரம் ஸ்கோவில் அளவில் 1 லட்சம் முதல் 3.5 லட்சம் வரை போகும். தம்பி ஆயிரத்தைத் தாண்டினாலே அதிசயம். ஆனால் குடும்பத்துப் பழவாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. சண்டியர் வீட்டில் பிறந்த பாகவதர்.

சந்தேகப் பிராணி, சேலம்: சைனென்ஸ் என்றால் சீனாவா?

பொருள் அதுதான். ஆனால் சீனாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1776-ல் பெயர் சூட்டிய ஜாக்கின் என்ற தாவரவியலாளர், செடி சீனாவிலிருந்து வந்தது என்று நம்பிவிட்டார். பிறந்தகம் தென் அமெரிக்கா. தப்பான பெயரானாலும் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அந்தத் துறை வழக்கம். குழந்தையில் ‘குட்டி’ என்று கூப்பிடப்பட்டவர் அறுபதாம் கல்யாணத்திலும் குட்டிதானே!

மாடித் தோட்டக்காரி, மதுரை: விதை போட்டுப் பத்து நாள் ஆகிறது. ஒன்றையும் காணோம். ஏமாற்றிவிட்டார்களா?

பத்து நாளில் எட்டிப் பார்க்க அது வெந்தயமா? இந்த இனம் ஆற அமரத்தான் முளைக்கும். இரண்டு மூன்று வாரம் சாதாரணம், சிலது நான்கு வாரம்கூட எடுக்கும். மண்ணில் 25 முதல் 30 டிகிரி வரை கதகதப்பு இருக்கட்டும். ஈரம் வேண்டும், சேறு வேண்டாம். முக்கியமாக, தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள். தூங்குகிறவர் தூங்குகிறாரா என்று பார்க்க எழுப்புவது போல ஆகிவிடும்.

அதே மாடித் தோட்டக்காரியின் கணவர்: போன வருஷச் செடி இடுப்பளவு வளர்ந்தது. பூவெல்லாம் உதிர்ந்துபோனது. ஏன்?

இருவரில் யாரோ ஒருவர் உரத்தை அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழிக்கும். இன்னொரு காரணம் வெயில். பகலில் 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் சோர்ந்துவிடும், பூ நிற்காது. கோடையில் மத்தியானத்துக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்க உதவும். சுண்டுவது பூவை மட்டும், வீட்டுக்காரரை அல்ல.

பாதிக்கப்பட்ட மருமகன், ஈரோடு: போன வருஷப் பழம் சாதுவாக இருந்தது. அதன் விதையையே போட்டேன். இந்த வருஷம் மாமனார் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்!

உண்மையைச் சொல்லுங்கள், பக்கத்துத் தொட்டியில் ஹபநேரோவோ நாகா மிளகாயோ இருந்ததல்லவா? தேனீ அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும். பழம் தாயின் உடம்பு. காரம் ஊறுவது அதன் உள்ளே வெள்ளையாக இருக்கும் சதையில். அதனால் வேறு மகரந்தம் விழுந்தாலும் அந்தப் பழம் மாறாது. விதைதான் கலப்புப் பிள்ளை. கலப்பில் பெரும்பாலும் காரம்தான் ஓங்கி நிற்கும். விதைக்கென்று ஒரு கிளையை ஒதுக்கி, மொட்டிலேயே மெல்லிய வலைப்பை கட்டிவிடுங்கள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காய் பிடித்ததும் பையை அவிழ்த்து, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மாமனாருக்கு மோர்.

நியூஜெர்சி மாமி: பக்கத்து வீட்டு போர்ட்டோரிக்கோ அம்மாள் இதை ‘அஹிசீட்டோ’ என்கிறார். எதிர்வீட்டு கியூபாக்காரர் ‘கச்சூச்சா’ என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். கச்சூச்சா என்றால் தொப்பி. காயைக் கவிழ்த்துப் பாருங்கள், புரியும். கரீபியன் வட்டாரம் முழுக்க நெருங்கிய வகைகள் உண்டு, ஊருக்கொரு பெயர் உண்டு. தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சமையல் கட்டு, திருச்சி: இதை வைத்து என்ன செய்வார்கள்?

வெங்காயம், பூண்டோடு பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்குவார்கள். நமக்குத் தாளிப்பு மாதிரி, வெனிசுவேலாவில் பாதிச் சமையல் இதில்தான் தொடங்கும். கறுப்பு பீன்ஸில் போடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு ‘அயாக்கா’ செய்வார்கள்: சோளமாவுக்குள் இறைச்சிக் குழம்பை வைத்து, வாழையிலையில் மடித்து, நூலால் கட்டி வேகவைப்பது. அந்தக் குழம்பின் உயிர் இந்த மிளகாய். சிவக்கப் பழுத்த பிறகு பறித்தால் மணம் கூடும். மிஞ்சினால் ஃப்ரீசரில் போடுங்கள். வெயிலில் வற்றலாக்கினால் மணத்தில் பாதி காக்காய்க்குத்தான்.

இலக்கியவாதி, நாகர்கோவில்: ஒரு மிளகாய்க்காக வெனிசுவேலாக்காரர்கள் இவ்வளவு உருகுவானேன்?

அண்மை ஆண்டுகளில் அந்த நாட்டை விட்டு வெளியேறியவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். போன இடத்தில் குடைமிளகாய் கிடைக்கும். போட்டால் நிறம் வரும், ஊர் வராது. ஜன்னலோரம் ஒரு தொட்டி வைக்கிறவரின் கணக்கு அதுதான்.

அணில் எதிரி, பொள்ளாச்சி: காரமில்லை என்றால் அணில் தின்று தீர்த்துவிடாதா? மிளகாய்க்குக் கொஞ்சம் ரோஷம் வேண்டாமா?

அருமையான கேள்வி. காரம் என்பது செடி தானே வைத்துக்கொண்ட காவல்காரன். அணில், எலி போன்ற பாலூட்டிகளின் நாக்கு எரியும், பறவைக்கு உறைக்காது. அது விழுங்கி, விதையைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும். நல்ல ஏற்பாடு. நடுவில் மனிதன் வந்தான். சாதுவான செடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாக அந்தக் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்தினான். நிறுத்தியவன்தானே ராத்திரி காவலுக்கும் போக வேண்டும்? கம்பிவலை வாங்குங்கள். கூடவே ஒரு நாற்காலியும்.