நாற்பது நொடிக்கு ஒரு சத்தியம்

தேவிகுளத்தில் தை மாதக் குளிர் என்றால், கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தினாலும் மூக்கு நுனி மட்டும் அநாதையாக விறைத்துக் கிடக்கும். அப்படி ஒரு ராத்திரி மூன்று மணிக்கு வீட்டுக்குள் ‘கீச்’ என்றது. ஒரே ஒரு கீச். மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். நாற்பதில் மறுபடி கீச்.

“பல்லி சொல்லுதுடா” என்றாள் அம்மா, பக்கத்து அறையிலிருந்து.

“இந்தக் குளிருல எந்தப் பல்லி அத்தை வாயைத் தொறக்கும்?” என்றாள் என் மனைவி.

பல்லி இல்லை என்பது எனக்குத் தெரியும். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த வெள்ளை வட்ட எச்சரிக்கைப் பெட்டிகளில் ஏதோ ஒன்று. ஹாலில் புகைக்கு ஒன்று, அடுக்களையில் சூட்டுக்கு ஒன்று, வாடகைக்கு விடும் அறையில் கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனுக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள் எட்டு பேர், அதில் நான்கு குழந்தைகள், அடைத்த அறையில் கேஸ் ஹீட்டர் எரியவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காயலாமா என்று கேட்கும் விருந்தாளிகள் எனக்கு வருஷத்துக்கு நாலு பேராவது உண்டு. அதனால் அந்தப் பெட்டியைப் பற்றி நான் கேலி பேச மாட்டேன்.

மற்ற இரண்டையும் பற்றிப் பேசலாம். விறகடுப்புப் புகையிலேயே வளர்ந்த குடும்பம் நாங்கள். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் ஹால் பெட்டி மூன்று மூன்றாக அலறி, திருச்சூர்க்காரத் தம்பதியைச் சோப்பு நுரையோடு முற்றத்துக்கு விரட்டியிருக்கிறது. அதற்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கிறதாம். அது பாதியாகக் குறையவே 432 வருஷம் ஆகும். பேட்டரியோ ஒரு வருஷம் தாண்டினால் பெரிய விஷயம். அடுக்களைப் பெட்டி நேர் எதிர். சூடு 57 டிகிரியைத் தொடும்வரை கம்மென்று இருக்கும். மிளகாய் கருகி வீடே இருமினாலும் தனக்கென்ன என்று தொங்கும்.

ராத்திரி மட்டும் ஏன் கத்துகிறது? அதற்கும் காரணம் உண்டு. குளிரில் பேட்டரி மந்தமாகி வோல்டேஜ் இறங்கும்; இறங்கினால் பேட்டரியை மாற்றச் சொல்லிக் கீச்சிடும். வீடு ரொம்பக் குளிர்வது விடிவதற்கு முந்தின நேரம்தான். வெயில் ஏறியதும் சமர்த்தாகிவிடும். ஆக, பகலில் நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கும்போது மூன்றுமே பரம சாதுக்கள்.

ராத்திரியில் தேடலாமென்றால் திசை பிடிபடவில்லை. இந்தக் கீச்சின் அதிர்வெண் மூவாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அந்த இடத்தில்தான் நம் காதுகள் திசை தெரியாமல் தடுமாறும். ஹாலில் நின்றால் அடுக்களையில் கேட்டது. அடுக்களைக்குப் போனால் ஹாலில் கேட்டது. அம்மா பஞ்சாங்கத்தில் கௌளி பலன் பார்க்க உட்கார்ந்தவள், கிழக்கா தெற்கா என்று தீராமல் மூடிவைத்துவிட்டு வேறு வழிக்கு வந்தாள்.

“உன் மச்சான் வாங்கின ரெண்டு லட்சத்தைச் சித்திரைக்குள்ள குடுத்துருவான்” என்றாள்.

கீச்.

“பாத்தியா! சத்தியம்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் பல்லி சொன்னால் அது பலித்த மாதிரி என்று எங்கள் வீட்டுச் சட்டம். நாற்பது நொடிக்கு ஒரு தடவை சத்தியம் செய்யும் வீட்டில் சும்மா இருக்க முடியுமா? என் மனைவி மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். முப்பத்தெட்டில், “இந்த வருஷம் புது ஃபிரிட்ஜ்” என்றாள். கீச். எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. “ஃபிரிட்ஜ் வேண்டாம்” என்று நான் சொன்னபோதெல்லாம் வீடு நிசப்தமாக இருந்தது.

மறுநாள் மூணாறு பஜாருக்குப் போய் ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்று கேட்டேன். “கோயில் மைக்குக்கா அண்ணாச்சி?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன், விளக்கப் பொறுமையில்லை. மூன்றிலும் மாற்றினேன். ராத்திரி மூன்றுக்குக் கீச். மூன்றையும் கழற்றிப் பேட்டரியை உருவினேன். கீச். உள்ளே மிச்ச மின்சாரம் நிற்கும், சோதனைப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் தீரும் என்று படித்த ஞாபகம். அமுக்கினேன். பேட்டரி இல்லாத மூன்று பெட்டிகளும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகச் செத்துக் கிடக்க, வீடு மறுபடி கீச் என்றது. அப்போதுதான் எனக்கே லேசாகப் பல்லியின் மேல் நம்பிக்கை வந்தது.

பரணில் இருந்தது அது. மச்சான் கொடுத்தது நாலு, மூன்றைத்தான் மாட்டியிருந்தோம். நாலாவது, கொலு பொம்மைப் பெட்டிக்குள் செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவே படுத்திருந்தது. பேட்டரியைக் கழற்றவே முடியாத வகை. முதுகில் தயாரித்த வருஷம்: 2014. பத்து வருஷம்தான் இவற்றின் ஆயுள்; முடிந்தால் இந்த வகை மாற்று மாற்று என்று கீச்சிடும். 2020-ல் எங்களுக்கு அன்பளிப்பாக வந்தபோதே அதற்கு ஆறு வயது! பின்புறத் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினேன். அடங்கியது. மற்ற மூன்றின் முதுகையும் திருப்பிப் பார்த்தேன். அவையும் அதே வருஷத்துப் பிள்ளைகள். மூணாறில் கிடைக்காததால் புதிதாக மூன்றுக்குக் கொச்சியில் சொல்லி வைத்தேன்.

அடுத்த ராத்திரி மூன்று மணிக்குப் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்தான்.

“சித்திரைக்குள்ள குடுத்துருவான்ல?” என்றாள் இருட்டைப் பார்த்து.

நானும் நாற்பதுவரை எண்ணினேன். பிறகு எண்பதுவரை.