ஜே.ஆர்.எஃப். முடிவுக்காகக் காத்திருத்தல்: மணிமேகலை அளவைகளின் வழி ஓர் ஆய்வு

தமிழில் ஆய்வுக்கு எட்டாத பொருள் கிடையாது. சங்க இலக்கியத்தில் உப்பு, கம்பனில் கண்ணீர், சிலம்பில் செருப்பு என்று எதைத் தொட்டாலும், அதை முன்பே யாரோ ஐந்து இயல்களாகப் பிரித்து, பைண்டு போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்து நூலகத்தில் வைத்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஏடுகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுதத் தொடங்குமுன் செய்த ஒரு காரியம் இன்னும் ஏடேறவில்லை. உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்தார்கள். நன்றியுரையில் மாமனார் முதல் தட்டச்சு செய்தவர் வரை எல்லாருக்கும் இடம் உண்டு. அந்த நாட்களுக்கு இல்லை. இந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ரிசல்ட் வரும்வரை இதை எழுதுபவருக்கு வேறு வேலை இல்லை என்பது துணை நோக்கம்.

ஆய்வு எல்லை: இந்த உதவித்தொகையைத் தீர்மானிக்கும் நெட் தேர்வு முடிந்து மையத்தின் வாசலில் கைப்பையைத் திரும்ப வாங்கும் நேரம் தொடங்கி, முடிவு திரையில் தெரியும் நேரம் வரை. தேர்வுக்குப் படித்தது எல்லைக்கு வெளியே நிற்கிறது. பலர் அதைத் தேர்வுக்கு முன்பும் அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள்.

தேர்வைப் பற்றி ஒரு பத்தி சொல்லியாக வேண்டும். இரண்டு தாள், 150 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதால் எவரும் எதையும் விடாமல் எழுதிவிட்டு வருகிறார்கள். காத்திருப்பில் நம்பிக்கைக்கு வித்து அங்கே விழுகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அடுத்து முதுநிலை ஆனால் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள கணக்கு. கிடைக்காதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் நெட் சாரா உதவித்தொகையாக 8,000 வரும். வேறு பல இடங்களில் அதுவும் வராது. பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 30. 2024 ஜூன் சுற்றில் தேர்வெழுதியவர்கள் 6,84,224 பேர், ஜே.ஆர்.எஃப். பெற்றவர்கள் 4,970 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவருக்கும் குறைவானவர் தானே என்று மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் நம்பியதுதான் இக்கட்டுரை ஆராயும் நிகழ்வு.

மணிமேகலையை ஏன் கோட்பாட்டு நூலாகக் கொள்ள வேண்டும் என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. முதல் தாளில் இந்திய அளவையியல் ஒரு பகுதி. நேரடிக் காட்சி, அனுமானம், ஒப்பீடு, சான்றோர் சொல், அருத்தாபத்தி, இன்மையறிவு என அறிவு பெறும் வழிகள் ஆறையும் மாணவர் மனப்பாடம் செய்கிறார். சீத்தலைச் சாத்தனாரோ ஆறோடு நிற்கவில்லை. வஞ்சி நகரில் மாதவன் வடிவில் சென்ற மணிமேகலைக்கு அளவைவாதி பத்து வழிகளைச் சொல்கிறான். அவற்றில் நேரும் குற்றங்கள் எட்டையும் சொல்கிறான். இக்கட்டுரையின் கருதுகோள் இதுதான்: தேர்வுக்கு முன் இரண்டு மதிப்பெண்ணுக்காக இந்த அளவைகளைப் படித்தவர்கள், தேர்வுக்குப் பின்புதான் அவற்றை முழுமையாகப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுத் திறன் இருக்கிறதா என்று தேர்வில் சோதிப்பது வீண். காத்திருக்கும்போது சோதித்தால் ஆறு லட்சம் பேரும் தேறிவிடுவார்கள்.

முதலில் காண்டல். இணையதளத்தைத் திறந்து பார்ப்பது. ஒருமுறை பார்த்தால் காண்டல். ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தால் அது அளவையில் சேராது, குற்றத்தில் சேரும். அறிந்ததையே மீண்டும் அறிவதை உணர்ந்ததை உணர்தல் என்று காப்பியம் குற்றப் பட்டியலில் வைக்கிறது. ரெஃப்ரெஷ் பொத்தானுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் கிடைக்காது. தளம் திறக்காமல் சுழன்றால் மகிழ்ச்சி: எல்லாரும் உள்ளே போகிறார்கள், ஆகவே வந்துவிட்டது. சட்டென்று திறந்தால் வருத்தம்: யாரும் இல்லை, ஆகவே வரவில்லை. பழுதான தளம் நல்ல சகுனமாகக் கொள்ளப்படுவதை இத்துறையில் மட்டும்தான் காண முடிகிறது.

கருதல், அதாவது அனுமானம், விடைக்குறிப்பில் தொடங்குகிறது. தேர்வு முடிந்த சில நாளில் தற்காலிக ஆன்சர் கீ வரும். தேர்வர் தாம் அழுத்திய விடைகளோடு அதை ஒப்பிடலாம். ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டி மறுக்கலாம். அந்தப் பணம் திரும்ப வராது. இங்கே ஆய்வாளர் பதிப்பாசிரியர் ஆகிறார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் பாடபேதங்களை ஒப்பிட்டார். நம்மவர் தேர்வு முகமை தந்த பாடம், பயிற்சி மையம் தந்த பாடம், யூடியூப் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய பாடம், பக்கத்து அறை நண்பரின் பாடம் ஆகியவற்றை ஒப்பிடுகிறார். ஐயர் எது மூலபாடம் என்று தேடினார். இவர் எது தமக்கு இரண்டு மதிப்பெண் கூட்டுகிறது என்று தேடுகிறார். பதிப்பியல் நெறியில் இது ஒரு வளர்ச்சி என்றே கொள்ள வேண்டும். எம்.ஏ. படித்தபோது ஒரு பாட்டின் இரண்டு உரைகளைச் சேர்த்துப் பார்க்காதவர்கூட, ஒரு நூற்பா எண்ணுக்காக இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் பேராசிரியரையும் நள்ளிரவில் மேசைமேல் பரப்பி வைத்திருப்பதை விடுதிகளில் காணலாம். தமிழ் உரை மரபு இன்று உயிரோடு இருப்பது இந்தச் சில நாட்களில்தான் என்று துணிந்து கூறலாம். 200 ரூபாய் கட்டும்போதுதான் தயக்கம். மெஸ் பாக்கி இருக்கிறதே.

உவமத்துக்குக் காப்பியம் காட்டும் எடுத்துக்காட்டு, கவயமா என்னும் விலங்கு பசுவைப் போன்றது என்று அறிவது. தேர்வருக்கோ, போன முறை எப்படியோ இந்த முறையும் அப்படி. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் தேர்வு முடிந்து அக்டோபர் 17இல் முடிவு வந்தது: நாற்பது நாளுக்கு மேல். அடுத்த சுற்றில், மாட்டுப் பொங்கலன்று வைத்திருந்த தேர்வைக் கோரிக்கைகளுக்குப் பின் தள்ளிப்போட்டு, 2025 ஜனவரி 27இல் முடித்து, பிப்ரவரி 22இல் முடிவு தந்தார்கள்: 26 நாள். அதற்கடுத்த சுற்று ஜூன் 29இல் முடிந்து ஜூலை 21இல் முடிவு: 22 நாள். இந்த வரிசையை நீட்டினால் ஒரு காலத்தில் தேர்வுக்கு முன்பே முடிவு வந்துவிடும் என்பது பெறப்படும். பசுவும் கவயமாவும் வேறு வேறு விலங்கு என்பதை மறந்தால் இப்படித்தான்.

அருத்தாபத்தி சற்று நுண்மையானது. ஆய்க்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆற்றுக்குள் ஊர் இருக்க முடியாதாகையால் கரையில் இருக்கிறது என்று கொள்வது. தேர்வர் இதை இப்படிப் பொருத்துகிறார்: இந்த வாரம் வந்தே தீரும், பகலில் வரவில்லை, ஆகவே இரவில் வரும். இதனால் விடுதியில் முறைவைத்து விழித்திருக்கும் வழக்கம் உண்டு. ஒருவர் பார்க்க மற்றவர் தூங்குவது ஏற்பாடு. எல்லாரும் பார்க்க எவரும் தூங்காதது நடைமுறை. இன்மையை அறிவதான அபாவத்தின்படி, இன்று வரவில்லை என்பதை நள்ளிரவு தாண்டித்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குள் மறுநாள் பிறந்துவிடுவதால் இந்த அளவை நடைமுறையில் பயனற்றது.

ஆகமம், ஐதிகம் இரண்டையும் பிரித்தறிவதில்தான் இத்துறையின் பெரிய சிக்கல். தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பு ஆகமம். அது சுருக்கமானது, அபூர்வமானது, உரையாசிரியர் இல்லாமல் விளங்காதது. ஐதிகம் என்பது உலகோர் சொல். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்ல, அப்படியே நம்புவது என்கிறார் சாத்தனார். டெலிகிராம் குரூப்பை அவர் அறிந்திருக்க வழியில்லை என்றாலும் இலக்கணம் முழுமையாகப் பொருந்துகிறது. "டெல்லியில ஒருத்தர் சொன்னாராம்" என்று தொடங்கும் செய்தியில் அந்த ஒருவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பேயைப் பார்த்தவரை யார் கேட்டார்கள்?

ஐதிகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று 2024 ஜூனிலேயே இருக்கிறது. ஜூன் 18ஆம் தேதி ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாளும் பேனாவுமாகத் தேர்வெழுதி, அன்று மாலையே முறைப்படி காத்திருக்கத் தொடங்கினார்கள். வினாத்தாள் முன்கூட்டியே கசிந்ததாகக் காட்டும் ஒரு படம் டெலிகிராமில் உலவியது. மறுநாள் இரவு தேர்வே ரத்தானது. மேலே சொன்ன 6,84,224 பேர் எழுதியது, செப்டம்பரில் முடிந்த மறுதேர்வை. பின்பு சி.பி.ஐ. விசாரித்தபோது, தேர்வு நடந்த பிறகு எடுத்த படத்தை முன்பே எடுத்ததுபோல் திருத்தியிருந்தது தெரியவந்தது. கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வதற்குக் காப்பியம் சொல்லும் பெயர் திரியக்கோடல். அந்த ஒரு நாள் முழுவதும் ஒன்பது லட்சம் பேர் காத்திருந்தது இனி என்றைக்கும் வராத ஒரு முடிவுக்காக; அதற்கும் பட்டியலில் பெயர் உண்டு, இல்வழக்கு, முயலுக்குக் கொம்பு என்பதுபோல. குற்றம் எட்டில் இரண்டு ஒரே நிகழ்வில், முப்பது மணி நேரத்துக்குள் அமைவது அரிது. இரண்டையும் தேர்வர்மேல் ஏற்றுவது நியாயம் ஆகாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மீட்சியைச் சொல்லாமல் இயலை முடித்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வோம். இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று தானே விளங்குவது மீட்சி. ஒரே துறையில், ஒரே அறையில் இருவர் தேர்வெழுதியிருக்கும்போது இந்த அளவை இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும். "உனக்குக் கண்டிப்பா கிடைச்சிடும்டா" என்று ஒருவர் சொல்லும்போது, தனக்குக் கிடைக்காது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டோமோ என்று அடுத்த நொடி அவருக்கே உதறும். எஞ்சிய அளவைகளை இடம் கருதி விட்டுவிட்டேன். இடம் கருதி என்றால் புரியவில்லை என்று பொருள்.

களப்பணியில் கிடைத்த உரையாடல்களில் ஒன்று முழுமையாகத் தரத் தக்கது. கல்யாண வீடு, பந்தி நடக்கிறது.

"என்ன மாப்ள, பரீட்ச எழுதி மாசம் ஒண்ணாச்சே. இன்னுமா திருத்துறாங்க?"

"கம்ப்யூட்டர்லதான் மாமா திருத்துறாங்க."

"கம்ப்யூட்டருக்கே ஒரு மாசமா?"

இந்த வினாவுக்கு முன்னாய்வுகளில் விடை இல்லை. பல அமர்வுகளில் நடக்கும் பாடமாக இருந்தால், ஒவ்வொரு அமர்விலும் நமக்குச் சமமாகவோ கீழாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு, தசமப் புள்ளிக்குப் பின் ஏழு இலக்கம் வரை தருகிறார்கள் என்று சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் விளக்கலாம். மாமா ஏழு இலக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாஸா ஃபெயிலா?" என்பார்.

நெறியாளரை எதிர்கொள்வது வேறு வகை. "ரிசல்ட் வந்துடுச்சா?" "இல்லைங்க ஐயா." "சரி, இரண்டாம் இயல்?" இந்த மூன்றாம் தொடரைத் தவிர்ப்பதற்காகத் துறையின் பின்வாசலைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் பின்வாசலை ஒட்டித்தான் தேநீர்க் கடை. நெறியாளரும் அங்கேதான் வருவார்.

காத்திருப்பைத் தாங்கும் வழிகள் பல கூறப்படுகின்றன. போனை வேறு அறையில் வைப்பது (எடுக்கப் போகும் நடைப்பயிற்சி உடலுக்கு நல்லது). கோயிலில் பூ கட்டிப்போட்டுக் கேட்பது. சிவப்பு வந்தால் வெள்ளை வரும்வரை மறுபடி கேட்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்பித்து அங்கேயும் ஒரு காத்திருப்பைத் தொடங்குவது. ஒன்று மற்றொன்றை மறைக்கும் என்பது எதிர்பார்ப்பு, இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்பது கண்ட உண்மை.

உண்மையில் பயன் தருவதாகக் கண்டது ஒன்றே. தற்காலிக ஆசிரியராகச் சில மாதம் கல்லூரிக்குப் போகும் ஸ்காலர்களுக்கு இளங்கலை விடைத்தாள் கட்டு வந்து சேரும். தமக்கு வரவேண்டிய முடிவை மறந்து பிறருக்குத் தரவேண்டிய முடிவைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். அப்போது வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், இன்டர்னல் மார்க் எப்ப சார் வரும்?" என்பான். "வர்றப்ப வரும், உக்காருடா" என்று பதில் சொல்லும் குரலில் அன்று இருக்கும் நிறைவு, பிற்காலத்தில் 37,000 வாங்கும்போதும் வாய்ப்பதில்லை என்று தகவலாளர் ஒருவர் கூறினார். விடைத்தாள் கட்டில் பாதி அப்படியே மேசைமேல் இருந்தது.

மேலாய்வுக்குரிய தலைப்புகளாகப் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன. முடிவு வந்தபின் தகுதிக் கடிதத்துக்குக் காத்திருத்தல். கடிதம் வந்தபின் பிஎச்.டி. இடத்துக்குக் காத்திருத்தல். இடம் கிடைத்துச் சேர்ந்தபின், மாதந்தோறும் வருகை உறுதி செய்யப்பட்டு உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழுவதற்குக் காத்திருத்தல். இதில் தரவுகள் ஏராளம். முதல் இரண்டையும் எடுத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவதை எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வந்தார். பதிவுக் கட்டணம் கட்ட உதவித்தொகை வரட்டும் என்று இருக்கிறார்.