பிள்ளையை ஏன் தனியே விட்டாள்?

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. அந்தத் தீபாவளிக்கு நமக்குப் புதுப்படம் தேவைப்படவில்லை; டி.வி.யில் நேரலை ஓடியது. அமைச்சர்கள் வந்தார்கள். ரிக் இயந்திரம் வந்து பாறையில் திணறியது. 29ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் எடுத்தார்கள். பெற்றவர்களுக்கு அரசு 10 லட்சம் அறிவித்தது. பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்தபோது ஒரு மூடி கொடுக்கத்தான் ஆளில்லை.

விதி இல்லாமலா? 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: தோண்ட 15 நாள் முன்னதாகத் தகவல் கொடு, வேலி போடு, பலகை வை, குழாய் வாயை இரும்புத் தகட்டால் அடை, கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைவரை நிரப்பு. அருமையான விதிகள். கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. கோப்புக்குள் இதுவரை எந்தக் குழந்தையும் விழுந்ததில்லை.

கொல்லையில் நடப்பது வேறு. தண்ணீர் வரவில்லை என்றால் போர் வண்டிக்காரர் அடிக்கணக்குப் பார்த்துக் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கடன் மட்டும் போகாது. கேசிங் பைப்பையாவது காசாக்கலாமென்று உருவுவார் விவசாயி. மிஞ்சிய ஓட்டைமேல் ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு கல், சுற்றிலும் கருவேல முள். இரண்டு மழைக்குச் சாக்கு மக்கும், புல் மூடும். இருந்த இடம் பெரியவர்களுக்கே மறந்துபோகும்.

பிறகு ஒருநாள் பிள்ளை விழும். உடனே கூடத்து சோபாவிலிருந்து கேள்வி எழும்: "பிள்ளையைத் தனியே விட்டுட்டு அம்மாக்காரி எங்க போனா?"

களை வெட்டப் போனாள் சார். குளத்து வேலைக்குப் போனாள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வேலையிடத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம். நான்கு பிள்ளை வந்தால் அதுவும் கிடையாது. அந்தப் பெண்ணை எந்தக் குளக்கரையில் பார்த்தீர்கள்? வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி ஆடுமே, அதுதான் நம் காப்பகம்.

மெழுகுவத்தி ஏற்றுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஒரு கூடை மண் அள்ளிப் போடத்தான் கை வராது.

நடுக்காட்டுப்பட்டியில் பிள்ளை கிடந்தது 88 அடி ஆழத்தில். குழாயைச் சுற்றி நீதிமன்றம் கட்டச் சொன்ன சிமெண்ட் மேடை, தரைக்குமேல் ஓர் அடி.