கூப்பர்டினோ பெரிய தொரைக்கு ஒரு மனு

பெறுநர்: பெரிய தொரை அவர்கள், ஆப்பிள் கம்பெனி, கூப்பர்டினோ, கலிபோர்னியா.
அனுப்புவது: பதுளை மாவட்டத் தோட்டங்களில் பழைய போன் வைத்திருப்போர் சார்பில்.



பதுளை எங்கே இருக்கிறது என்று உங்கள் மேப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயில்பாதை முடிகிற ஊர். அங்கிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று பஸ் ஏறி, இறங்கி, தேயிலைக்குள் நடந்தால் நாங்கள். உங்கள் சொந்தக் கடை இந்த நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் உங்கள் சரக்கு எங்கள் லய வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்குக் கொண்டுவந்தது, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பியது, டவுனில் தவணைக்கு எடுத்தது. அநேகமாக இரண்டாம் கை, மூன்றாம் கை.

புதிதாக வாங்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். 2024 செப்டம்பரில் எங்கள் நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதே மாதம் நீங்கள் இறக்கிய ஐபோன் 16இன் விலை அமெரிக்காவில் 799 டொலர். அன்றைய டொலர் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபா. வரியும் கடைக்காரர் லாபமும் சேராமலே 178 முழுப்பேர், அதாவது 178 நாள் முழுச் சம்பளம். மாதம் 20 நாள் வேலை கிடைத்தால், சோறு தின்னாமல் இருந்தால், ஒன்பதாம் மாதம் கையில் போன்.

‘தோட்டத்து ஆளுக்கு எதுக்கு ஐபோன்?’ என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதைக் கேட்க பதுளை டவுனிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 2021இல் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறி சிக்னல் பிடித்துப் படித்தார்கள். அந்தப் படம் வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. அடுத்த வருசம் பெட்ரோல் அடிக்கவே கியூஆர் கோடு கேட்டார்கள். போன் இல்லாமல் வாழச் சொல்கிறவர்கள் முதலில் தங்களுடையதைக் கீழே வைக்கட்டும். அது கிடக்கட்டும்.

எங்கள் முறைப்பாட்டுக்கு வருகிறேன். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். ஆனால் தராசில் நிறுத்து, முகத்துக்கு நேரே சொல்லிப் போடுவார்கள். 2017இல் நீங்கள் பட்டரி கிழடுதட்டிய போன்களைச் சாப்ட்வேர் மூலம் மெதுவாக்கினீர்கள். கேட்டபிறகுதான், டிசம்பரில், ஆமாம் என்றீர்கள். போன் திடீரென அணையாமல் இருக்கத்தான் செய்தோம் என்றது உங்கள் விளக்கம். இருக்கலாம். பட்டரி தேய்ந்தால் மின்சாரம் போதாமல் போன் அணைவது உண்மைதான். சொல்லியிருந்தால் பட்டரியை மாற்றியிருப்போமே! சொல்லாததால் ஆட்கள் போனையே மாற்றினார்கள். 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் போட்டது. அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுக்கச் சம்மதித்தீர்கள். அங்கே வழக்கில் சேர்ந்தவர்களுக்குத் தலைக்கு 92 டொலர் வந்தது. எங்கள் போன்களும் அதே வருசம்தான் மெதுவாயின. அரைப்பேர் எங்களுக்கும் விழுந்தது, நிலுவை மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

இனி, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பொடியனின் மேசையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பழைய ஐபோனுக்குப் புதுப் பட்டரி போடுவது அவனுக்குப் பெரிய வேலையில்லை. போட்டு மூடினால், ‘இது அசல் பாகமா என்று உறுதி செய்ய முடியவில்லை’ என்று உங்கள் போன் கத்துகிறது. பல வருசம் பட்டரியின் ஆரோக்கியக் கணக்கையும் மறைத்துக்கொண்டது. வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் திரும்பி வந்து, “ஏன் தம்பி, டூப்ளிகேட் போட்டு ஏமாத்திட்டியா?” என்று சண்டைக்கு நிற்பார். அதனால் அவன் என்ன செய்கிறான்? பழைய பட்டரியின் தலையில் நகமளவு இருக்கும் சர்க்கிட்டை வெட்டி எடுத்து, புதுப் பட்டரியின் தலையில் வெல்டிங் வைத்து ஒட்டுகிறான். வெட்டும்போது கத்தரி இரண்டு நிக்கல் தகட்டையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தகடு, பிறகு மற்றத் தகடு. கடைசியில் ஒரு சின்னப் பெட்டியில் செருகிப் பழைய கணக்கை அழித்தால் போன் வாயை மூடிக்கொள்ளும்.

பாதுகாப்புக்காகத்தான் இந்த எச்சரிக்கை என்கிறீர்கள். தொரை, உங்கள் பாதுகாப்பு வராவிட்டால் அந்தப் பொடியன் லித்தியம் பட்டரியைக் கத்தரியால் வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

அசல் பட்டரியாக இருந்தாலும் பல வருசம் இதே கதைதான். உடைந்த ஒரு ஐபோனின் நல்ல திரையைக் கழற்றி இன்னொன்றில் போட்டாலும் அப்படித்தான்; முக்கியமான பாகங்களை அதது பிறந்த போனோடு எண்ணால் கட்டிவைத்திருக்கிறீர்கள். 2021இல் ஐபோன் 13க்கு வெளிக்கடையில் திரை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே செத்துப்போனது; ஊரெல்லாம் சத்தம் போட்டபிறகு நவம்பரில் இறங்கி வந்தீர்கள்.

இதை எங்கள் பெரியவர்களிடம் சொன்னால் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே துண்டு முறை இருந்தது. துண்டு என்பது ஒரு கடதாசி. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுப்பது. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். உழைக்கிற கையும் காலும் அவருடையதுதான், நகர்வதற்குச் சீட்டு தொரையுடையது. உங்கள் போனின் பட்டரியும் திரையும் கேமராவும் இன்று அப்படித்தான் நிற்கின்றன, காசு கொடுத்து வாங்கியவர் நாங்களாக இருந்தும். 2024இல் ஐஓஎஸ் 18 வந்தபோது பழைய அசல் பாகங்களை ஏற்றுக்கொள்வோம் என்று தளர்த்தினீர்கள். அதுவும் சில மாடல்களுக்கு. பழைய சொந்தக்காரர் பூட்டை எடுக்காத பாகமென்றால் அதுவும் இல்லை. முந்திய தோட்டத்துக் கடன் தீரவில்லை, துண்டு கிடையாது!

நியாயமாகப் பேச வேண்டும். களவெடுத்த போனைப் பூட்டுவது நல்ல வேலை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் போனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, எடுத்தவன் அதைத் திறக்க முடியாது என்பது ஒரு ஆறுதல். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. களவெடுத்த பாகத்தைத் தடுங்கள். காசு கொடுத்து வாங்கிய புதுப் பட்டரியையும் அதே கள்ளன் வரிசையில் நிறுத்துவதுதான் அநியாயம்.

நீங்களே ரிப்பேர் செய்துகொள்ளுங்கள் என்று 2022 ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கினீர்கள். வாடகைக்கு வந்த ஆயுதப் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 36 கிலோ என்று படித்தோம். எங்கள் பெண்கள் ஒரு நாள் பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், 18, 20 கிலோ. ஆக ஒரு பட்டரிக்கு இரண்டு நாள் கொழுந்தின் பாரம். சுமப்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு கிழமைக்கு 49 டொலர் வாடகை, அதாவது அந்த 1,350 ரூபா கணக்கில் பதினொரு நாள் சம்பளம், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் திட்டம் அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவுக்குப் போனதே தவிர, இங்கே வரவில்லை. உங்கள் அங்கீகாரம் பெற்ற ரிப்பேர் வேண்டுமென்றால், மண் சரியாத நாளில் பத்து மணி நேரம் ரயிலேறி கொழும்புக்குத்தான் போக வேண்டும். போக ஒரு நாள், நிற்க ஒரு நாள், வர ஒரு நாள். மூன்று நாள் பேர் போச்சு.

  

சுற்றுச்சூழலுக்காக 2020இல் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தீர்கள். அதே சுற்றுச்சூழலுக்காகப் பழைய போனை இன்னும் நாலு வருசம் ஓடவிடலாமே?

உங்களால் முடியாது என்றில்லை. சட்டம் வந்தால் முடிகிறது. ஐரோப்பா சட்டம் போட்டது, 2023இல் ஐபோன் 15க்கு டைப்-சி வாய் வந்தது. 2027 பெப்ரவரியிலிருந்து பாவனையாளரே பட்டரியை மாற்றும்படி இருக்க வேண்டும் என்று அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. உங்கள் நாட்டிலேயே ஒரிகன் மாநிலம், 2025 தொடக்கத்திலிருந்து விற்கும் போன்களில் பாகங்களை எண்ணால் கட்டுவதைத் தடுத்தது. உங்கள் ஆள் போய் எதிர்த்துப் பேசியும் சட்டம் நிறைவேறியது. எங்கள் தாத்தாமாரின் துண்டும் எந்தத் தொரையும் மனமிரங்கிக் கிழித்ததில்லை. 1921இல் சட்டம் வந்துதான் போனது.

ஆகவே இதன் பிரதி ஒன்று கொழும்பிலுள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை வைத்திருக்கும் ஐயாமாரே, ஒரிகனில் எழுதிய அந்தப் பிரிவை சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வர்த்தமானியில் போடுங்கள். ரிப்பேர் கடைப் பொடியன்கள் கத்தரியைக் கீழே வைக்கட்டும்.