சோப்பா, க்ரீமா?

கேள்வி: பிரஷ்ஷால் நுரைத்துச் சவரம் செய்ய எது சிறந்தது, ஷேவிங் சோப்பா, க்ரீமா?

பதில்: இரண்டும் ஒரே குடும்பம்தான். ஸ்டீரிக் அமிலத்தோடு காரம் சேர்ந்தால் சோப்பு. பொட்டாசியக் காரமும் தண்ணீரும் கூடினால் அது குழைந்து க்ரீம் ஆகிறது. சோடியமும் சேர்ந்து தண்ணீர் குறைந்தால் இறுகிக் கட்டியாகிறது. முடியை மென்மையாக்குவதோ இரண்டுமல்ல, தண்ணீர். அந்தத் தண்ணீரை முகத்தில் பிடித்துவைப்பதுதான் நுரையின் வேலை. ஆகவே என் ஓட்டு சோப்புக்கு. க்ரீம் வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். அதுதான் குழாயில் இலவசமாக வருகிறதே! க்ரீமை எவ்வளவு பிதுக்குவது என்பதைக் கை தீர்மானிக்கிறது. சோப்பில் பிரஷ் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு கட்டி பல மாதம் உழைக்கும்.

"எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லையே" என்பீர்கள். நியாயம்தான். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். ஆனால் க்ரீமும் சோப்புதானே, அதையும் அவை விட்டுவைப்பதில்லை. மாற்ற வேண்டியது தண்ணீரை: அரை டம்ளர் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ போதும். "சோப்புக்கு நேரமாகுமே" என்பதும் உண்மை. நனைத்த பிரஷ்ஷை உதறி, கட்டியின் மேல் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். அந்த அரை நிமிடமும் வீணல்ல, முகத்தை முன்பே நனைத்திருந்தால் முடி அதற்குள் இன்னும் கொஞ்சம் ஊறும். காலையில் அதுவும் கிடைக்காதவர் தயங்காமல் க்ரீம் வாங்கலாம், தாடி கோபித்துக்கொள்ளாது.