மைலேஜ் மீமாம்சை: பெரிய வண்டி குறித்த ஒரு சிற்றாய்வு

80 லிட்டர் டேங்க். இரண்டு டன்னை ஒட்டிய எடை. 4,795 மி.மீ. நீளம், 1,855 அகலம், 1,835 உயரம். டொயோட்டா ஃபார்ச்சூனர் எனப்படும் இவ்வூர்தியை விலை பாராமல் வாங்கியவரும் மறுநாளே "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்ற கேள்விக்கு ஆளாகிறார். கேட்பவர் வாங்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும், தமிழகத்தின் தலையாய தத்துவ வினா இதுவே என்று கொண்டு, சென்னை–திருச்சி சாலையின் ஏறத்தாழ 320 கி.மீ. இங்கே ஆய்வுக்களமாகிறது.

முன்னோடி ஆய்வு அமெரிக்காவுடையது. எண்ணெய் நெருக்கடி முற்றியதும் 1974இல் அதிபர் நிக்சன் நாடெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ., என்று வேகத்துக்குக் கடிவாளம் போட்டார். அது முற்றிலும் கழன்றது 1995இல்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 80இலிருந்து 100க்குப் போனால் 56 சதவீதம் அதிகம், 120ஐத் தொட்டால் இரண்டேகால் மடங்கு. பீரோவைக் குறுக்கே நிறுத்தி ஓட்டுவது போன்ற முகப்புடைய வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

"80இல் போனா எப்போ போய்ச் சேர்றது?" என்பது எதிர்த்தரப்பு. நியாயமான வாதம். 80இல் நான்கு மணி நேரம், 100இல் மூன்று மணி 12 நிமிடம். மிச்சம் 48 நிமிடம். அந்த 48 நிமிடம் என்னவாகிறது என்று தேடினால், மதுராந்தகம் பக்கம் வரிசைகட்டி நிற்கும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளில், பித்தளை டபராவில் ஆறிக்கொண்டிருக்கிறது.

அடுத்த இயல் டோல்கேட். பரனூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, சமயபுரம் என நீளும் இப்பட்டியலில் ஒவ்வோரிடத்திலும் நின்று கிளம்பி, ஆட்களோடு இரண்டரை டன்னாகிவிட்ட வண்டியை மறுபடி 100க்குக் கொண்டுவர ஏறக்குறைய 80 மில்லி டீசல் பிடிக்கும். சுங்கக் கட்டணம் தனி. கேட் தொலைவில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டால், கியரில் உருளும் இன்றைய எஞ்சின் சொட்டு டீசலும் குடிக்காது. நியூட்ரலில் தள்ளும் பழைய லாரிப் பள்ளியினர் இதை ஏற்பதில்லை. நியூட்ரலில்தான் எஞ்சின் ஐடிலிங்குக்காகக் குடித்துக்கொண்டே வருகிறது என்று சொன்னால், சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

டயர்: நான்கிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நைட்ரஜன்தான் அடிப்பேன் என்று அடம்பிடிப்போர் கவனிக்க: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

ஆய்வின் இடியாப்பச் சிக்கல் கேரியர். கூரைமேல் பெரிய பெட்டி கட்டினால் விரைவுச்சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை எரிபொருள் சிக்கனம் அடிபடும் என்று அதே துறை சொல்கிறது. ஆகவே கேரியரைக் கழற்றி, பண்ருட்டியில் வாங்கிய பலாப்பழங்களைச் சீட்டுக்குப் பின்னால் வைப்பதே அறிவியல். எடை கூடும், ஆனால் சம வேகத்தில் எடையைவிடக் காற்றே பெரிய எதிரி. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் பழ வாசனை வண்டி முழுக்க நிறைந்து, பின்சீட்டிலிருந்து ஜன்னலைத் திறக்கச் சொல்லி உத்தரவு வரும். 100இல் ஜன்னல் திறந்தால் காற்று எதிர்ப்பு கூடும். மூடி ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் டீசல் கேட்கும்; வாசனையும் உள்ளேயே சுற்றும். இந்நிலையில் ஓட்டுநர் செய்யத்தக்கது யாது என்பது மேலாய்வுக்குரியது. பழத்தை வாங்கச் சொன்னது மாமியார் என்பதால் தரவு திரட்ட யாரும் முன்வரவில்லை.