வர்ண சந்நியாசி

சனிக்கிழமைக் காலையில், சிம்பாங் பூலாய் மலைச்சாலை வழியாகக் காரோட்டி வந்து, எங்கள் மலையூரான கோலா தெர்லாவின் கடைவரிசைக்கு எதிரே, முட்டைக்கோசு ஏற்றிய பழைய லேண்ட்ரோவர் ஒன்றின் அருகில் வண்டியை நிறுத்தி, கழுத்தில் காமிராவும் லோகத்தின் துக்கமெல்லாம் தம் தலையிலேயே இறங்கிவிட்டது போன்ற முகபாவமுமாக ஒருவர் இறங்குவாரானால், அவர்தாம் எங்கள் வர்ண சந்நியாசி என்று சந்தேகமின்றிக் கொள்ளலாம். பொன்னைத் துறந்தவர் உண்டு, மண்ணைத் துறந்தவர் உண்டு. இவர் துறந்தது சிவப்பு, பச்சை, மஞ்சள் முதலியவற்றை. சட்டைகூடக் கறுப்புத்தான்.

வர்ணத்தைப் பதிவு செய்யவே இயலாத மோனோகுரோம் காமிரா ஒன்றை லைக்கா கம்பெனியார் 2012-ல் வெளியிட்டபோது, இவர் அதன் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் மௌனமாக இருந்தாராம். பின்னர்த் தம்மிடமிருந்த கலர் காமிராவின் திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பிவைத்துக்கொண்டார். உள்ளே ‘ரா’ கோப்பில் வர்ணம் அத்தனையும் பத்திரமாகவே கிடக்கிறது. காவி உடுத்தியவர் பாங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

“கலர் கண்ணைத்தான் இழுக்கும், அண்ணே; மனசை இழுக்காது” என்பது அவருடைய உபதேசம். பிரமாணத்துக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்படக் கலையின் மகானான கார்த்தியே-பிரெசோனை அழைப்பார். ஒருநாள் நானும் விடாமல், அந்த மகான் 1966-ல் ஜெய்ப்பூரில் படம் பிடித்ததை அருகிருந்து பார்த்த ரகுபீர் சிங், 1999-ல் காலமாகும் வரை இந்தியத் தெருக்களைக் கலரிலேயே எடுத்துத் தீர்த்தாரே, குருவைக் கண்ணாரக் கண்டவருக்கு ஏன் அந்த வைராக்கியம் வரவில்லை என்று கேட்டேன். “அவர் வெயில் ஊர்க்காரர், அண்ணே. நம்ம ஊருல மூடுபனி இல்லையா?” என்றார். பதிலில் நியாயம் இல்லாமலில்லை. பிற்பகலில் மேகம் இறங்கித் தேயிலைச் சரிவையும் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகளையும் ஒருசேர விழுங்கிவிடும் வேளையில், எங்கள் மலையைக் கலரில் எடுத்தாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்.

அன்று என்னவோ வெயில் பளிச்சென்றிருந்தது. கோயிலுக்குப் புறப்பட்ட பாட்டியம்மா ஒருவர், அரக்குச் சிவப்புச் சேலையில், தேயிலைச் செடிகளுக்கு முன்னே நின்றிருந்தார். சந்நியாசி குனிந்தார், வளைந்தார், மூச்சடக்கினார். எடுத்துவிட்டுத் திரையைப் பெருமிதத்தோடு பாட்டியிடம் நீட்டினார். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நான் எங்க, தம்பி?”

கேள்வி நியாயமானதே. கண்ணுக்கு ஜன்மப் பகையாளிகளான சிவப்பும் பச்சையும், வெளிச்ச அளவில் ஒத்திருந்தால், கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகச் சமாதானமாகிவிடும். பிலிம் காலத்தில், லென்ஸுக்கு முன் பச்சைக் கண்ணாடி வைத்து இலையை வெளுக்கவும் சேலையைக் கறுக்கவும் செய்வார்கள். இவரும் பித்தானை அமுக்கி அந்த வித்தையைச் செய்தார். பாட்டி இப்போது தெரிந்தார்; ஆனால் கன்னங்கரேலென்ற சேலையில்.

“கறுப்புச் சேலை நான் கட்டுனதே இல்லையே! இது என்னாப்பா, மாலை போடுற படமாட்டம் இருக்கு? எனக்கு இன்னும் நாள் இருக்கு. கலர்ல போட்டுக் கொடு.”

தோட்டத்து வீடுகளில் கறுப்பு வெள்ளை என்பது இறந்தவர்களின் வர்ணம் என்பதை எந்தக் கலைப்புத்தகமும் இவருக்குச் சொல்லவில்லை. மூடாத பாங்கிக் கணக்கு அன்றைக்குக் கைகொடுத்தது. அடுத்த சனிக்கிழமை, சட்டம் போட்ட கலர்ப்படத்தோடு, யார் கண்ணிலும் படக் கூடாது என்பவர் போல் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவர் பாட்டி வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். பாட்டி அதை, மாலையும் சந்தனப் பொட்டுமாக இருந்த தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார்.

மாட்டிவிட்டு இரண்டடி பின்வாங்கிய சந்நியாசி அசையவில்லை. பிறகு மெல்லக் காமிராவைத் தூக்கினார். திரையைக் கலருக்குத் திருப்பினார். தாத்தாவைப் பார்த்துவிட்டுக் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பினார். பாட்டியைப் பார்த்துவிட்டு மறுபடியும் கலருக்கு.

“அண்ணே, இந்தச் சுவத்தை எதுல எடுக்கிறது?”

பாட்டி கொடுத்த தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.